ஒழுகாத முடிச்சு

வேலூர் ஜெயில்ல இருந்து நான் வெளிய வந்த அன்னிக்கு எனக்காக ஒருத்தரும் கேட் வாசல்ல வந்து நிக்கல. போன வருஷம் ஆடி மாசம், ஒரு செவ்வாக்கெழம. கையில ஒரு மஞ்சப் பை. அதுல ரெண்டு பொடவ, உள்ள இருக்கறப்ப எனக்குக் குடுத்த ஒரு பைபிளு. கள்ளக்குறிச்சி பஸ்ல அழுதுக்கினே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "இன்னாம்மா, சாவு வூட்டுக்கா போற?"ன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். பொய்தான். ஆனா அன்னிக்கு எனக்கு அப்படித்தான் இருந்துச்சு.

நான் எதுக்கு உள்ள போனேன்னு இந்த சபையில எல்லாருக்கும் தெரியும். கல்வராயன் மலையில காய்ச்சுன சாராயத்த கீழ எறக்கிக் குடுப்பாங்க, நான் பாக்கெட் கட்டி விப்பேன். என் வூட்டுக்காரரு குடிச்சே போய்ச் சேந்தவரு. அப்பவும் எனக்கு புத்தி வரல. கட்டறதுல நான் கில்லாடி வேற. கவர் வாய முறுக்கி, நூல ரெண்டு சுத்து சுத்தி, ஒரு மடிப்பு வெச்சு இழுத்தேன்னா தலகீழா புடிச்சாலும் ஒரு சொட்டு ஒழுகாது. ஆனா நூல் முனைய லேசா இழுத்தா அவுந்துடும். குடிக்க வர்றவனுக்குக் கை நடுங்கும் இல்ல, அதுக்குத்தான். எல்லா பாக்கெட்லயும் ஒரே முடிச்சு இருந்ததாலதான் போலீஸ்ல என்னையே கண்டுபுடிச்சாங்க.

என் பொண்ணு திவ்யா சின்னசேலத்துல எங்க அக்கா வூட்ல வளந்தா. மறுநாளே ஓடுனேன். அக்கா வாசல்லயே நிறுத்திட்டா. "ஆறு மாசம் பாக்கெட்ட கையால தொடாம இருந்து காட்டு வசந்தா. அப்பறம் புள்ளைய அனுப்பறேன்"ன்னா. உள்ள எம்பொண்ணு பாடம் படிக்கற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. திரும்பி வந்துட்டேன்.

வேல கேட்டு ஏறாத கடை இல்ல. எங்க போனாலும் என் கத எனக்கு முன்னாடியே போய் உக்காந்துக்கினு இருக்கும். இதுல பழைய சரக்குக்காரன் வேற போன் பண்றான், "உன் கைக்கு ஈடு இல்ல, வந்துடு"ன்னு. வூட்ல மூணு நாளா அரிசி இல்ல. அத உபவாச ஜெபம்னு சொல்லிக்கினேன். ஆண்டவருக்கு உண்மை தெரியும், சிரிச்சிருப்பாரு. "இயேசப்பா, இந்தக் கைக்கு இது ஒண்ணுதான் தெரியும். ஒண்ணு இந்தக் கைய எடுத்துக்க, இல்ல அதுக்கு வேற வேல குடு. எம்பொண்ண மட்டும் குடுத்துடு"ன்னு தரையில கெடந்து கதறுனேன்.

மறுநாள் காலையில நம்ம பாஸ்டரம்மா கஞ்சியோட வந்து நின்னாங்க. குடிக்க வெச்சு, கையோட பஸ் ஸ்டாண்டுக்கிட்ட பாய் ஓட்டலுக்குக் கூட்டிக்கினு போனாங்க. ஜெயில் கதைய ஒளிக்காம சொன்னாங்க. பாய், "உனக்கு இன்னாமா தெரியும்?"னாரு. பயத்துல, "பாக்கெட் கட்டத் தெரியுங்க"ன்னுட்டேன். பாஸ்டரம்மா என் தொடையில கிள்ளுன கிள்ளு ஒரு வாரம் வலிச்சுது. பாய் சிரிக்கல. கொதிக்கற சாம்பாரு, ஒரு கவரு, நூல்கண்டு, மூணையும் என் முன்னாடி வெச்சாரு. கட்டுனேன். தலகீழா புடிச்சுப் பாத்தாரு. "நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடுமா"ன்னாரு. நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுட்டு வந்தேன்.

நாலு மாசம் நல்லாப் போச்சு. ஒரு நாள் என்னப் புடிச்ச அதே போலீஸ் ஏட்டம்மா இட்லி பார்சல் வாங்க வந்தாங்க. சட்னி பாக்கெட்டயே உத்துப் பாத்தாங்க. "இது வசந்தா முடிச்சு ஆச்சே"ன்னாங்க. கல்லாவுல இருந்து பாய், "அதேதாங்க. அந்த முடிச்சுக்குத்தான் சம்பளமே குடுக்கறேன்"ன்னாரு. ஏட்டம்மா சிரிச்சுட்டு, "இன்னும் ரெண்டு வட சேத்துக் கட்டு"ன்னாங்க.

அங்க சிரிப்பு, சின்னசேலத்துல இடி. எவனோ போய், "உன் தங்கச்சி மறுபடியும் பாக்கெட் கட்டறா, ஏட்டம்மா புடிச்சிட்டாங்க"ன்னு வத்தி வெச்சுட்டான். அக்கா போன்ல, "புள்ளைய மறந்துடு"ன்னு வெச்சுட்டா. நான் சொல்றத கேக்கவே இல்ல. அன்னிக்கு ராத்திரி ஜெபத்துக்கு முட்டி போட்டேன். "அப்பா, நீயே பேசு"ன்னு மட்டும் சொன்னேன்.

மறுநாள் பத்து மணிக்கு அக்கா ஓட்டலுக்கே சண்டைக்கு வந்துட்டா. பின்னாடி திவ்யா. அவள ஏன் கூட்டியாந்தான்னு இன்னிக்கு வரைக்கும் அக்காவுக்கே தெரியல. எனக்குத் தெரியும். "எங்கடி அந்த பாக்கெட்டு?"ன்னு அக்கா கத்துனா. நான் ஒண்ண எடுத்து அவ கையில வெச்சேன். நூல இழுத்தா. மோந்து பாத்தா. வெரல விட்டு நக்கிப் பாத்தா. "சாம்பாருடி"ன்னா. அப்பறம் அப்படியே உக்காந்து அழுதா. பாய் அவளுக்கு ஒரு நெய் ரோஸ்ட் அனுப்பி வெச்சாரு. அழுதுக்கினே முழுசும் சாப்ட்டா.

திவ்யா இப்ப என்கூடத்தான் இருக்கா. அதோ, மூணாவது வரிசையில வெக்கப்பட்டுக்கினு உக்காந்திருக்கா. கைய எடுத்துக்கன்னு கேட்டேன் நானு. அவரு கைய அப்படியே வுட்டுட்டு, பாக்கெட்டுக்குள்ள இருந்தத மட்டும் மாத்திட்டாரு. அவருக்கு ஸ்தோத்திரம்.

உங்க வூட்லயும் யாருனா உள்ள இருந்தா, அவ்வளவுதான்னு கைய கழுவிடாதீங்க. ஆண்டவர நம்பிக் கேளுங்க. கேட்டுட்டு, பாஸ்டரம்மா மாதிரி கஞ்சியும் எடுத்துக்கினு போங்க. வர்ற வியாழக்கெழம என்கூட உள்ள இருந்த ஒருத்தி வெளிய வரா. நானும் பாஸ்டரம்மாவும் விடியக்காலம் பஸ்ஸுக்குப் போறோம், ஜெயில் கேட் வாசல்ல நிக்கப் போறோம். இன்னும் ரெண்டு பேரு வந்தீங்கன்னா அவ மனசு நெறைஞ்சிடும். டிபன் நான் கட்டிக்கினு வரேன். ஒழுகாது.