மீனுக்கு முடிந்து வைத்த காசு

அன்று காரில் இருந்தவர்கள்: ஓட்டுகிற இடத்தில் நான், பக்கத்தில் வலது கால் வீங்கிப்போன என் கணவர், பின்னால் ஐந்து வயது மகள். உதவிக்குக் கூப்பிடலாம் என்று நினைத்த இரண்டு வீட்டாரும் ஊரில் இல்லை.

ரிச்சர்ட்சன் பல்கலைக்கழகத்தில் அவர் மீன்களின் சினைப்பையை ஆராய்ந்துகொண்டிருந்தார். பத்தாவதோடு நின்றுவிட்ட எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: ஹார்மோன் ஊசி போட்டால் சினைப்பைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் சில ஜீன்கள் விழித்துக்கொள்ளும், முட்டை முதிரும். நாலு மணி நேரத்தில் சினைப்பையை எடுத்துவிடவேண்டும். தாமதித்தால் அவை மறுபடி அடங்கிவிடும். அளக்க ஒன்றும் இருக்காது.

எட்டு மணிக்கு ஊசி போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர் மாடிப்படியில் சறுக்கி விழுந்துவிட்டார். பன்னிரண்டுக்குள் திரும்பிப் போகாவிட்டால் மாதக்கணக்கில் வளர்த்த மீன்கள் வீண்.

எனக்கு லைசென்ஸ் இருந்தது. தைரியம் மளிகைக் கடை வரைக்கும்தான். ஃப்ரீவே வேண்டாம் என்று உள் ரோட்டிலேயே உருட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் ஒரு லாரி வரவும் பயந்து வலதுபக்கம் ஒதுங்கினேன். அந்த வழி நேராக டோல் ரோட்டில் ஏறி, காசு போடும் கூடைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

“எழுபத்தஞ்சு சென்ட் போடு,” என்றார் அவர்.

“பர்ஸ் வீட்லங்க. உங்ககிட்ட?”

“கார்டுதான் இருக்கு. கண்ணாடில தொங்குதே, அதுல குவார்ட்டர் இருக்குல்ல?”

தொங்கியது, குவார்ட்டர் என்கிற கால் டாலர் காசுகள் வைத்த மஞ்சள் துணி முடிச்சு. மீன்களுக்கு நல்லபடியாக முட்டை முதிரவேண்டும் என்று நான்தான் வேண்டிக்கொண்டு முடிந்து வைத்திருந்தேன்.

“சாமி காசை எடுத்து டோலுக்குப் போட்டா முட்டை எப்படிங்க முத்தும்?”

“அது ஹார்மோன்ல முத்துது. காசுல இல்ல.”

“ஹார்மோனை நீங்க பாத்துக்குங்க. காசை நான் பாத்துக்கறேன்.”

பின்னால் ஹாரன். “அம்மா, ஜஸ்ட் கோ,” என்றாள் மகள். போய்விட்டேன். காசு போடாததற்குச் சிவப்பு விளக்கு மின்னியது.

“போலீஸ் வருதா பாருங்க.”

“வந்தா கார் எதுக்கு? நீ போற வேகத்துக்கு நடந்தே புடிச்சிடுவான்.”

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஆய்வகத்து வாசலில் இறக்கிவிட்டேன். ஒற்றைக் காலில் தத்தித் தத்தி உள்ளே ஓடினார்.

அடுத்த வாரம் ஒரு காகிதத்தை நீட்டினார். அதில் ஒரு கோடு மலை மாதிரி ஏறியிருந்தது. “முழிச்சிக்கிச்சு,” என்றார். முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே கோயில் உண்டியலில் சேர்த்தேன்.

டோல்காரர்களின் பில்லுக்காகத் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வரவேயில்லை. பாக்கி இன்னும் எழுபத்தைந்து சென்ட்.