முதலாளி பாட்டை லைன் அக்கா பாடினாள்

மின்விசிறிக் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் லைன் அக்கா. பதினான்கு வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவை "லைன்ல இருங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவளைவிடப் பத்து வயது மூத்த வாட்ச்மேனும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது.

முதலில் அவள் பேக்கிங் பிரிவில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு நாள் இரண்டாம் மாடி ஜன்னலில் நின்று, கீழே பெட்டிகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவரை ஒரு பிடி பிடித்தாள். அந்த வழியாக வந்த முதலாளி நின்று முழுசாகக் கேட்டார். திட்டில் ஒரு சொல்கூட நசுங்காமல் தெளிவாக வந்து விழுந்தது அவருக்குப் பிடித்துப்போயிற்று. மறுநாள் காலையில் அவளைத் தூக்கி டெலிபோன் மேஜையில் உட்கார வைத்துவிட்டார். திட்டினால் பதவி உயர்வு கிடைக்கும் என்று நம்பிப் பேக்கிங் பிரிவில் இன்னும் இரண்டு பேர் முயன்று பார்த்தார்கள், அவர்களுக்கு மெமோதான் கிடைத்தது.

அவள் புருஷனுக்கும் அங்கேதான் வேலை. செக்கிங் பிரிவு. புதிதாகச் செய்த ஃபேனைக் கம்பியில் மாட்டிச் சுற்றவிடுவார்கள். அவர் அதன் அடியில் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்பார். கடகடவென்றோ கிறீச்சென்றோ கேட்டால் இடது கையைத் தூக்குவார், ஃபேன் திரும்பிப் போய்விடும். இருபது வருடமாகப் பார்த்துவரும் வேலை இது, அதாவது கேட்டுவரும் வேலை. அவர் இவளைப் பெண் கேட்டதே, இவள் நடந்தால் செருப்புச் சத்தம் வராது என்பதற்காகத்தான். அழகு, குணம் எல்லாம் பிறகு கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. வீட்டில் அவர் காதுக்கு ஓய்வு வேண்டும். டம்ளரைத் தரையில் வைத்தால்கூட முகத்தைச் சுளிப்பார். ஆகவே அவள் வீட்டில் பாடுவதில்லை. குழாயடியில் முணுமுணுப்பதோடு சரி.

இனி முதலாளியின் பாட்டுக்கு வருவோம். வந்துதான் ஆகவேண்டும், வேறு வழியில்லை.

கம்பெனி தொடங்கிப் பத்து வருடம் ஆனபோது முதலாளிக்கு ஒரு விளம்பரப் பாட்டு வேண்டும் என்று தோன்றியது. அதோடு நின்றிருக்கலாம். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடினார். "சுத்துது சுத்துது சுகமான காத்து, சோர்வெல்லாம் போகுது நம்மளைப் பார்த்து" என்று தொடங்கும். அதுவரைக்கும் மனிதன் தாங்கிக்கொள்ளலாம். அதன் பிறகு "ஓடிப்போ வெக்கையே, ஓடிப்போ!" என்று ஓர் இடம். அங்கே அவர் குரல் மேலே ஏறும். ஏறிய குரலுக்கு இறங்கத் தெரியாது. மாடியில் மாட்டிக்கொண்ட ஆள் உதவிக்குக் கூப்பிடுகிற மாதிரி அங்கேயே நின்று கத்தும். எந்த வானொலியும் அதைத் தொடவில்லை. கடைசியில் முதலாளி அதைக் கொண்டுவந்து டெலிபோனில் போட்டார். புகார் சொல்லக் கூப்பிடுகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தில் அது ஓடும்.

லைன் அக்காவின் மேஜையில் ஒரு பெட்டி, பாட்டு ஓடுவது அதில்தான். காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு சின்ன விளக்கு எரியும். பாட்டு ஓடத் தொடங்கியதும் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். "ஓடிப்போ" வந்தால் மிச்சமும் அணைந்துவிடும். அந்தப் பாட்டையும் தாங்கிக்கொண்டு லைனில் இருப்பவர், ஒன்று ஃபேன் கழன்று தலையில் விழுந்தவராக இருப்பார், இல்லையென்றால் காது மந்தமானவராக இருப்பார். மாதத்துக்கு எட்டு ஒன்பது பேர். அவர்கள் சொல்வதை மட்டும் அவள் புகார் நோட்டில் எழுதுவாள்.

முதலாளியின் அறை வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. 'இந்த மாதப் புகார்கள்: 9' என்று அதில் பெரிதாக எழுதி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவார். "ஊர்ல எந்தக் கம்பெனிக்கும் ஒன்பது கிடையாது!" புகார் குறைந்ததற்குப் பரிசாக, ஐந்து வருடமாக, வருடா வருடம் செக்கிங்காரருக்கு ஒரு சுவர்க்கடிகாரம். வீட்டில் ஐந்து கடிகாரங்கள் ஆகிவிட்டன. டிக் டிக் என்கிறது என்று ஐந்திலும் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டார் மனுஷன்.

ஒன்பது எப்படி வந்தது என்று தெரிந்தவள் லைன் அக்கா ஒருத்திதான். அவள் ஏன் வாயைத் திறக்கப்போகிறாள்? முதலாளிக்குப் பெருமை, புருஷனுக்குக் கடிகாரம், அவளுக்கு வேலை குறைவு.

எல்லாம் ஒரு துணியால் கெட்டது. ஒரு நாள் மதியம் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது விரல் பதிவு செய்கிற சிவப்புப் பொத்தானில் பட்டது. முதலாளியின் பாட்டு அழிந்துபோயிற்று. பதறிப்போய் எதை எதையோ அமுக்கிப் பார்த்தாள். பாட்டின் அசல் இசைத்தட்டு முதலாளி அறையில், கண்ணாடி அலமாரிக்குள், பூட்டில் இருந்தது. போய்க் கேட்டால் ஏன் என்பார். அழித்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? சாப்பாட்டு நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போனாள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, பொத்தானை அமுக்கி, பாட்டைத் தானே பாடிவிட்டாள். பதினான்கு வருடம் கேட்ட பாட்டு, கிட்டத்தட்ட மனப்பாடம்.

ஆனால் அவர் மாதிரி கத்தினால் யாராவது ஓடி வந்துவிடுவார்களே என்று மெதுவாகப் பாடினாள். "ஓடிப்போ வெக்கையே" வந்தபோது விரட்டவில்லை. தூங்க மறுக்கும் குழந்தையிடம் சொல்கிற மாதிரி, போயேன், போய்ட்டு அப்புறம் வாயேன் என்று கெஞ்சினாள். கடைசி இரண்டு வரிகளை இதுவரை யாருமே முழுசாகக் கேட்டதில்லை, அவளும்தான். அந்த இடத்தை வெறுமனே முனகி நிரப்பினாள். அந்த முனகல் இருக்கிறதே, அதில்தான் வந்தது வினை.

மறுநாள் காலை விளக்குகள் எரிந்தன. எரிந்தவை அணையவில்லை. ஒன்று, இரண்டு, ஏழு என்று வரிசையாக நின்றன. அவள் லைனை எடுத்து "சொல்லுங்க" என்றால் அந்தப் பக்கம் எரிச்சல்.

"அதுக்குள்ள ஏம்மா எடுத்த? முடியட்டும், மறுபடி போடு."

பதினான்கு வருடத்தில் அவளிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. வசவு வாங்கியே பழகியவள், சொன்னபடியே திரும்பவும் லைனில் போட்டாள். பிறகு, ஃபேனே வாங்காதவர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். புகார் இல்லாமல் கூப்பிட்டால் வைத்துவிடுவாளோ என்று பயந்து ஆளுக்கொரு புகாரை ஜோடித்தார்கள். ரிட்டயரான வாத்தியார் ஒருவர் தினமும் பதினோரு மணிக்கு லைனில் வருவார்.

"என்ன புகார் சார்?"

"ஃபேன் ரொம்ப நல்லா சுத்துது. அதை ஒரு குறையா எழுதிக்கயேன்."

கம்பெனி விதிப்படி, பேசி முடித்த அழைப்பு எல்லாமே நோட்டில் ஏறவேண்டும். அவளும் எழுதினாள். கரும்பலகையில் ஒன்பது எழுபதானது. அடுத்த மாதம் முன்னூற்றுப் பன்னிரண்டு.

முதலாளி ஆடிப்போய்விட்டார். நேராகச் செக்கிங் பிரிவுக்குப் போய், எல்லோர் முன்னாலும் அவள் புருஷனைப் பிடித்துக்கொண்டார். "உங்க காது போச்சு!" என்றார். காது டாக்டரிடம் அனுப்பினார். டாக்டரோ, இவ்வளவு நல்ல காதைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். அதுதான் ஆபத்தாகப் போயிற்று. காது சரியாக இருக்கிறது என்றால் கவனம் சரியில்லை என்று அர்த்தமாம்.

"திங்கட்கிழமை காலையில எனக்குக் காரணம் தெரியணும். இல்லைன்னா நீங்க வேற வேலை பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை முழுக்க செக்கிங்காரர் வீட்டு ஃபேனுக்கு அடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை.

"என்னங்க, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு உக்காருங்க."

"முன்னூத்திப் பன்னெண்டு பேருக்குக் கேக்குற சத்தம், எனக்கு மட்டும் எப்படிக் கேக்காமப் போச்சு?" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது.

தன்னால்தான் இத்தனையும் என்று தெரிந்தும் அவள் சோற்றை மூடி வைக்கப் போய்விட்டாள். அதைவிட வெட்கம் ஒன்று இருந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு என்று கரும்பலகையில் பார்த்த அன்று, அவளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் குதித்திருந்தது. புருஷன் தலை உருளும்போது குதிக்கிற சந்தோஷமா அது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பழைய பாட்டை எப்படியாவது திருப்பிப் போட்டாலும் எண்ணிக்கை குறைய ஒரு மாதமாகும். இருப்பதோ ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. சொல்லியே ஆகவேண்டும்.

திங்கட்கிழமை, முதலாளி அறையில் புருஷன் தலைகுனிந்து நின்றார். கூப்பிடாமலேயே அவளும் உள்ளே போனாள்.

"சார், ஃபேன்ல கோளாறு இல்லை. பாட்டுலதான்."

"என் பாட்டுலயா?"

"என் பாட்டுல சார். உங்க பாட்டைத் தெரியாம அழிச்சுட்டேன். பயந்துட்டு நானே பாடி வச்சேன். அதுலேருந்து ஒருத்தரும் ஃபோனை வைக்க மாட்டேங்கிறாங்க. காத்துக்கிட்டு இருந்து புகார் சொல்றாங்க."

முதலாளி பேனாவை மூடி வைத்தார். "அப்போ முன்னாடி வச்சுட்டாங்களா?"

அவள் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தாள். அவள் புருஷனும் ஃபேனைப் பார்த்தார். இவர்கள் பார்க்கிறார்களே என்று முதலாளியும் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"போ. உன் இடத்துல உக்காரு. நான் இங்கேருந்து கூப்பிடுறேன். முதல்ல உன்னோடது. அப்புறம் என்னோடது. யாரு பாட்டு எப்படின்னு நானே கேட்டுச் சொல்றேன்."

அவள் மேஜைக்கு ஓடினாள். விளக்கு எரிந்தது. தன் பாட்டைப் போட்டாள். ஒரு முறை ஓடி முடிந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டாவது முறையும் முடிந்தது. மூன்றாவதும் ஓடிய பிறகுதான் அந்தப் பக்கத்திலிருந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ம். மாத்து" என்று குரல் வந்தது.

முதலாளியின் தட்டைப் பெட்டியில் போட்டாள். சுத்துது சுத்துது. விளக்கு எரிந்தது. சோர்வெல்லாம் போகுது. விளக்கு எரிந்தது. ஓடிப்போ வெக்கையே.

விளக்கு அணைந்தது.

லைன் கட்டாகிவிட்டதோ என்று அவள் காத்திருந்தாள். மறுபடி எரியவில்லை. எழுந்து அறைக்குப் போனாள். முதலாளி ரிசீவரை அதன் இடத்தில் வைத்துவிட்டு, அதன் மேலேயே கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வைக்கணும்னு நினைக்கலம்மா" என்றார். "கை தானா வச்சிடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர்களுக்குத் தனியாக ஒரு கடிகாரம் கொடுக்கலாம்.

"இந்த முன்னூத்திச் சொச்சத்துல நிஜமான புகார் எத்தனை?"

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் அவளுக்குத் தோன்றியது. எல்லாமே பாட்டுக்காகத்தான் என்றால் புருஷன் மேல் தூசி படாது. ஆனால் லைனில் வந்தவர்கள் கண்முன் நின்றார்கள். "பாதிக்குப் பாதி இருக்கும் சார். எல்லாம் கடகடன்னு சத்தம்தான். முன்னாடியும் கூப்பிட்டவங்கதான். உங்க பாட்டைத் தாண்டி வர முடியலை."

புருஷன் நிமிர்ந்தார். "கடகடன்னா அது மேல்மூடி ஸ்க்ரூ. இங்கேருந்து போறப்ப சரியாதான் போகுது, லாரியில குலுங்கிக் கழண்டிருக்கும். முடுக்கினா நின்னுடும்."

முதலாளி கரும்பலகை இருந்த திசையில் ஏக்கமாகப் பார்த்தார். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. பேசாம என் பாட்டையே திரும்பப் போட்டுட்டா? மறுபடி ஒன்பது. உங்க வேலைக்கும் ஒரு குறை வராது. வருஷா வருஷம் கடிகாரம் வேற."

புருஷன் வேலை தப்பியது, வேறென்ன வேண்டும்? சரி சார் என்று சொல்ல லைன் அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் புருஷன் முந்திக்கொண்டார்.

"வேண்டாம் சார். இவ பாட்டே இருக்கட்டும்."

"யோசிச்சு சொல்லுங்க. மாசம் நூத்தம்பது வீடு ஏறி இறங்கணும்."

"இறங்கறேன் சார். ஸ்க்ரூ டிரைவர் இருக்கு, சைக்கிள் இருக்கு. நீங்க கேட்டப்போ நானும் பக்கத்துல நின்னு கேட்டேன். இருபது வருஷமா சத்தத்துல குறை கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை. இதுல எனக்கு ஒண்ணும் கிடைக்கலை."

அவர் இதைச் சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைப் பாராட்டிச் சொன்ன மிக நீளமான பேச்சு அதுதான், அதையும் முதலாளியிடம்தான் சொன்னார். அவளுக்குக் காது வரைக்கும் சூடேறியது.

"அப்போ என் பாட்டு?" என்றார் முதலாளி.

"அலமாரியில பத்திரமா இருக்கட்டும் சார். கண்ணாடிக்குள்ள பாக்க நல்லா இருக்கு" என்றார் செக்கிங்காரர்.

அன்று மதியம் அவள் மேஜையில் எட்டு விளக்குகள் எரிந்தன. ஒவ்வொன்றாக எடுத்து எழுதிக்கொண்டே வந்தாள். ஏழாவது அழைப்பு செக்கிங் பிரிவிலிருந்து வந்தது.

"சொல்லுங்க, என்ன புகார்?" என்றாள்.

"புகார் எல்லாம் ஒண்ணும் இல்லை" என்றது அவள் புருஷனின் குரல். "நான் லைன்லயே இருக்கேன்."