வான்கூவருக்குப் போன பெட்டி

கெர்லிண்டே ரைனிங்கர் மாதா கோயிலில் என் பக்கத்தில் உட்காருகிறவள். எங்கள் ஊரில் முப்பது வருடம் ட்ராம் ஓட்டினாள். நேரம் ஆனால் கதவைச் சாத்திவிடுவாள். ஓடி வருகிறவர்களுக்காக நின்றதே இல்லை. என் மூக்குக்கு முன்னாலும் சாத்தியிருக்கிறாள்.

ஓய்வு பெற்றதும் கூலியில்லாத வேலை ஒன்றுக்குப் பெயர் கொடுத்தாள். ஒருவர் தானம் தந்த எலும்பு மஜ்ஜையைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, விமானத்தில் கையோடு கொண்டுபோய், தூர தேசத்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

போன தவக்காலத்தில் ஃபிராங்க்பர்ட்டிலிருந்து வான்கூவருக்குப் போகச் சொன்னார்கள். அவள் காட்டிய டிக்கெட்டைப் பார்த்து என் வீட்டுக்காரர் ஆல்வின் சிரித்தார்.

"ரெண்டு மணிக்கு ஏறி மூணு மணிக்கு இறங்குறியா? ட்ராம்லயே போயிடலாமே."

"அது அந்த ஊர் மணி, ஆல்வின். எட்டாயிரம் கிலோமீட்டர், பத்து மணி நேரம். சூரியன் நம்ம கூடவே வருது, அதான் கடிகாரம் ஏமாத்துது" என்றாள் கெர்லிண்டே.

அந்த ஊரில் ஒரு நோயாளியின் நோய்ப்பட்ட சொந்த மஜ்ஜையை மருந்து கொடுத்து அழித்தாகிவிட்டது. இந்தப் பெட்டி போனால்தான் அந்த உயிர் பிழைக்கும். எடுத்த மஜ்ஜை மூன்று நாள் தாங்கும். அதில் ஒரு நாள் விமானம் ஏறும் முன்பே போய்விட்டது.

ஐஸ்லாந்தைத் தாண்டும்போது முன்வரிசையில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பெட்டியைப் பற்றி விமானிக்கு முதலிலேயே சொல்லியிருந்ததால், பணிப்பெண் கெர்லிண்டேயிடம் வந்து குனிந்தாள்.

"ரைனிங்கர் மேடம், திரும்பி ஐஸ்லாந்துல இறங்க வேண்டியிருக்கு. நாலஞ்சு மணி நேரம் போயிடும். உங்க பெட்டி தாங்குமான்னு கேப்டன் கேக்கச் சொன்னார்."

கெர்லிண்டே தன் கால்களுக்கு நடுவே இருந்த பெட்டியின் வெப்பமானியைப் பார்த்தாள். கணக்குப் போட்டாள்.

"இது தாங்கும்மா. அவர் தாங்க மாட்டார். இறக்கச் சொல்லுங்க."

இறக்கினார்கள். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். விமானத்துக்கு எரிபொருள் நிரப்பும் வரை பக்கத்து இருக்கைக்காரர் தன் அடுத்த விமானம் போய்விடுமென்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். இவள் ஜெபமாலையை உருட்டினாள். சொன்னது சரிதானா என்ற பயம் வான்கூவர் வரைக்கும் விடவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் நின்றுகொண்டே பெட்டியைத் திறந்து, அளவைப் பார்த்து, "நல்லா இருக்கு, இப்பவே ஏத்திடுவோம்" என்று உள்ளே ஓடினாளாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து காபி குடிக்கும்போது கேட்டேன்.

"பெட்டியக் குடுத்ததும் என்னடி பண்ணினே? அழுதியா?"

"கழிவறைக்குப் போனேன். வழி பூரா கழிவறைக்குக்கூடப் பெட்டியத் தூக்கிக்கிட்டுத்தானே போனேன். அப்பதான் கைய வீசிக்கிட்டுப் போனேன்."

இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கெர்லிண்டே எங்கள் ஊர்க்காரி.