வெட்டு இல்லாத நாட்கள்

லிங்கி ஊர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் எண்ணெய்ச் செம்பனைக்கு நடுவே கொஞ்சம் ரப்பரும் மிச்சமிருந்தது. மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுக்க, போகிறவர்களின் பிள்ளைகளுக்கு ஆயாக் கொட்டகை இருந்தது. விடியுமுன் திறப்பார்கள். மழையில் பட்டை நனைந்துவிட்டால் வெட்டு இல்லை. அன்று கொட்டகையும் இல்லை.

என் கணவரும் மாமனாரும் மரம் வெட்டினார்கள். நான் சிரம்பானில் இதழியல் டிப்ளோமா படித்தேன். மகனுக்கு இரண்டு வயது. மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். கொட்டகை மதியத்தோடு மூடிவிடும். நான் பஸ் பிடித்து வரும்வரை ஆயா மகனைத் தன் வீட்டில் வைத்திருப்பார். அது அவர் வேலையில் சேராது.

கடையில் கணவர் பெருமையாகச் சொல்வார்: "என் வைஃப் காலேஜ் போகுது லா. நாங்கதான் படிக்க வைக்கிறோம்."

மழை நாளில் வீட்டில் இரண்டு ஆண்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். வகுப்புக்குப் போகாமல் நின்றது நான்.

ஆண்டுக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. இனி ஒரு நாள் வராவிட்டாலும் தேர்வு எழுத முடியாது என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டார். அந்த வாரமே விடியலில் மழை.

"இன்னிக்கு நீங்க பாத்துக்குங்க," என்றேன் கணவரிடம்.

"நானா? கக்கா போனா யாரு கழுவுறது?"

மாமனார் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆம்பள செய்யிற வேலையா அது? ஏம்மா, உன் காலேஜுக்கு மழை லீவு கெடையாதா?"

மகனைக் கணவர் மடியில் உட்கார வைத்துவிட்டுக் குடையோடு இறங்கினேன்.

மாலையில் வந்தபோது மகன் வீட்டில் இல்லை. ஆயா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். ஆயா என்னை உள்ளே கூப்பிடவில்லை.

"நீ பஸ் ஏறியிருக்கக்கூட மாட்ட, உம்புருசன் கொண்டாந்து விட்டுட்டான். மழை பேஞ்சாத்தான் எனக்கு லீவு. மக வீட்டுக்குப் போக சேலைகூட மாத்திட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன்.

"நீ ஏம்மா கேக்குற? கேக்க வேண்டியவன் வீட்டுல காலு நீட்டிப் படுத்திருக்கான்."

கணவரிடம் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. "புள்ளையப் பத்திரமாத்தானே பாத்துக்கிட்டோம்? இன்னும் என்னதான் வேணும் ஒனக்கு?"

அடுத்த மழை சில நாட்களிலேயே வந்தது. நான் எழுந்தபோது கணவர் இல்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, அந்த மழையில், ஆற்றுக்குத் தூண்டில் போடப் போயிருந்தார். மாமனார் தலைவரை போர்த்தியிருந்தார். மகனைத் தூக்கிக்கொண்டு ஆயா வீட்டுக்குப் போனேன். கதவில் பூட்டுத் தொங்கியது. அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை.

தேர்வு எழுத விடவில்லை. அந்தப் பருவத்தை மறுபடி படித்து, என்னோடு சேர்ந்தவர்களுக்குப் பின்னால் டிப்ளோமா வாங்கினேன். ஏன் தாமதம் என்று கேட்ட உறவினர்களுக்குக் கணவரே பதில் சொன்னார். அந்த வருடம் மழை அதிகமாம்.