முட்டைக்குள் ஒரு கண்

யுத்த காலத்தில் கல்யாணமாகி ராயகிரியிலிருந்து தென்காசிக்கு வந்தேன். வாய் திறந்து பேசக் கூச்சம். யார் குறை சொன்னாலும் மறுக்காததால் நான் வேலைக்குக் கள்ளி என்று புகுந்த வீட்டில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது.

சாரல் மாதத்தில் ஒருநாள் நல்ல வெயில். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பினோம். களம் முட்டை வடிவம். நெல்லும் அப்படியே பரவிக் கிடந்தது. காலால் துழாவிவிடும் வேலை எனக்கு. வெளியோரமாகப் பாதத்தை இழுத்தபடி சுற்றி வந்தால் ஒரு சால் விழும். அதை ஒட்டி உள்ளே அடுத்த சால். இப்படியே நடுவரை போக வேண்டும்.

முடித்தபோது என் கணவரின் அக்கா, எனக்கு மதினி, வந்து பார்த்தாள்.

“எம்மா, இங்கன வந்து பாரு. வெளிய நல்லா உருண்டையாப் போயிருக்கா. உள்ள வர வர ரெண்டு முனையும் கூரா நிக்கு. மகாராணிக்கு வளைஞ்சு நடக்கக் கால் வலிச்சிருக்கு, குறுக்க வெட்டித் திரும்பிட்டா.”

பார்த்தால் அப்படித்தான் இருந்தது. வெளிச்சால் முட்டை, உள்சால் கண். இரு முனையும் கண்ணின் ஓரம்போலக் கூர்ந்து நின்றன. ஆனால் நான் குறுக்கே போகவில்லை. சாலுக்குச் சால் ஒரே பாத இடைவெளிதான் விட்டேன். அதை எப்படிச் சொல்வது?

“முனையில நெல்லு காயாமக் கெடந்தா சோறு நாத்தம் அடிக்கும்லா?” என்றாள் அத்தை, என் மாமியார். “இனிமே நீ துழாவ வேண்டாம். தள்ளு.”

இனி இந்த வீட்டில் எந்த வேலையையும் என்னை நம்பித் தரமாட்டார்கள் என்று நினைத்தபடி களத்தோரம் ஒதுங்கினேன்.

அத்தை பலகையால் நெல்லைச் சமன் செய்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு வெளியோரத்தில் தொடங்கினாள். நிதானமான கால். உள்ளே போகப் போக முனையில் வளைவு இறுகியது. ஒரு சுற்றில் பாதம் வளைய இடமே இல்லை, சடக்கென்று திரும்பியது. அத்தை நின்றுவிட்டாள்.

“இதென்ன, நான் வளைஞ்சுதான வாரேன்?”

“ஒனக்கு வயசாயிட்டும்மா, காலு வளையல,” என்றாள் மதினி.

“ஒங் காலு வளையுதான்னு பாப்போம், எறங்கு.”

மறுபடி நெல்லைச் சமன் செய்து மதினியும் நடந்தாள். அவளுக்கும் கண்தான் விழுந்தது.

மூன்று பேரும் குனிந்து அந்த முனைகளைப் பார்த்தோம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உருண்டையை ஒட்டியே நடந்தோம், இடைவெளி மாறவில்லை. யாரும் போடாத கூர் எங்கிருந்து வந்தது? நாலாம் வகுப்போடு நின்றவள் நான். இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“இது நம்ம காலு பண்ணுதது இல்ல,” என்றாள் அத்தை, கோயிலில் பேசுகிற குரலில். பலகையை என் கையில் கொடுத்தாள். “அடுத்த துழாவலும் நீயே பாரு.”

அவர்கள் நிழலுக்குப் போனார்கள். எனக்கு ஆசை அடங்கவில்லை. நெல்லுக்கு வெளியே புழுதியில் களத்தைச் சுற்றிச் சுற்றிக் கால் விரலால் அதே இடைவெளியில் கோடு போட்டுப் பார்த்தேன். வெளியே போகப் போக முட்டையின் நீளம் மறைந்து, கோடு வட்டத்தை நோக்கிப் போனது. உள்ளே கூர், வெளியே உருண்டை. இரண்டையும் பெற்றது ஒரே முட்டை.

நிமிர்ந்தால் அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டு விளையாடுகிறேன் என்று அதட்டுவாள் என நினைத்தேன்.

“இன்னும் ஒண்ணு வெளிய போடுட்டி, பாப்போம்,” என்றாள்.