விஸ்வநத்தத்துக்கு ரெண்டு கிராபிக்ஸ் கார்டு

கம்ப்யூட்டரைப் பொருத்தி விற்கும் தொழிலில், வாடிக்கையாளர் ஆலோசனை கேட்க வருவதே இல்லை. வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டு, நாம் தலையாட்டுவதைப் பார்க்கத்தான் வருகிறார். ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகக் கடை நடத்துகிற உங்களில் பலர் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடுவீர்கள், எனக்குத் தெரியும்.

நானும் ரஹ்மத்தும் சிவகாசியில் கடை போட்டது, குண்டு மானிட்டர் போய்த் தட்டை மானிட்டர் வரத் தொடங்கிய காலத்தில். ரஹ்மத் என்னோடு ஹார்டுவேர் கோர்ஸ் படித்தவள். அவள் வீட்டாருக்குப் பஜாரில் பாத்திரக் கடை. அதன் மாடியில்தான் எங்கள் கடை. வருகிறவர்கள் பெரும்பாலும் அச்சகத்துக்காரர்கள். காலண்டர் டிசைன் நடுவில் ஹேங் ஆகாமல் ஓடினால் போதும் என்பார்கள். அப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த எங்கள் பிழைப்பில், ஒரு தீபாவளி முடிந்த கையோடு நாலு பேர் படியேறி வந்தார்கள்.

டூ சவுண்ட்

நாலு பேரும் விஸ்வநத்தத்துக்காரர்கள், ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை. சீசன் முடிந்து கம்பெனிக்கு லீவு. போனஸ் பணத்தை ஒன்றாகப் போட்டு, ஊரில் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு ரூம் பிடித்திருந்தார்கள். கேம்ஸ் சென்டர் வைக்கப் போகிறார்களாம். முன்னால் நின்ற பால்பாண்டி, பத்திரிகையிலிருந்து கிழித்த பக்கம் ஒன்றை மேஜையில் விரித்தான். கேபினெட்டுக்குள் ரெண்டு கிராபிக்ஸ் கார்டு ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் குட்டிப் பாலம் மாதிரி ஒரு கனெக்டர். திரையில் படத்தை வரைந்து தள்ளுவதுதான் கிராபிக்ஸ் கார்டின் வேலை. ஒன்றுக்கு ரெண்டு இருந்தால் ரெட்டை வேகம் என்று அந்தப் பக்கத்தில் போட்டிருந்தது. நாங்களும் அதைப் படித்திருந்தோம். கையால் தொட்டது கிடையாது.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இருந்தாலும் கடைக்காரியாக லட்சணமாக, “ஒரு கார்டே நல்லதாப் போட்டா போதுமே தம்பி?” என்று கேட்டுவைத்தேன். பால்பாண்டி என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

“எக்கா, ஒத்தை வெடிக்கு எவனும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். டூ சவுண்ட் போட்டாத்தான் தெருவே நிமிந்து பாக்கும்.”

டப்

மதுரை டீலரிடம் கெஞ்சி, பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தருகிற பேச்சில் ரெண்டு கார்டும், ரெண்டு ஸ்லாட் உள்ள மதர்போர்டும் வாங்கி வந்தோம். சேர்த்து மாட்டினோம். கார்டுகள் அம்புட்டு நீளம். கேபினெட்டில் ஒரு தகட்டை ரஹ்மத் வெட்டி எடுத்த பிறகுதான் உட்கார்ந்தன. பவர் சப்ளை மட்டும் கடையில் இருந்த சாதாரணத்தையே போட்டோம். அவசரம்தான், வேறென்ன! நாலு பேரும் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க, ரஹ்மத் பிஸ்மி சொல்லி ஸ்விட்சைப் போட்டாள்.

காற்றாடிகள் சுழன்றன, நீல விளக்கு எரிந்தது, விளையாட்டு ஓடத் தொடங்கியது. அடுத்த மூச்சில் “டப்” என்று ஒரு சத்தம், பின்னாலேயே கருகல் வாடை. ரெண்டு கார்டும் இழுத்த கரண்ட்டைத் தாங்காமல் பவர் சப்ளை போய்விட்டது. ரஹ்மத் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினால் ஒருத்தரையும் காணோம். ஜன்னலில் எட்டிப் பார்த்தால், நாலு பேரும் படியில் தாவி இறங்கி, தெருவைத் தாண்டி எதிர்ச் சுவரோரம் நிற்கிறார்கள். சத்தம் கேட்டால் யோசிக்காமல் ஓடு என்று கால்களுக்குப் பழகிவிட்ட வேலை அது. எங்கள் ரெண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அவர்கள் முகத்தைப் பார்க்கும் வரைக்கும். பால்பாண்டி ரெண்டு கையையும் வீசிக் கத்தினான்.

“எக்கா, மொதல்ல வெளிய வாங்க ரெண்டு பேரும்! மிஷினு போனா வேற வாங்கிக்கிடலாம்!”

சும்மா இருந்த கார்டு

நல்ல வேளை, கார்டுகள் தப்பின. பெரிய பவர் சப்ளை மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தது. இந்தத் தடவை ஒழுங்காகச் சோதித்துவிடுவது என்று முடிவெடுத்தோம்: முதலில் ஒரு கார்டு, பிறகு ரெண்டு. ஒரு நொடியில் எத்தனை படம் வரைகிறது என்ற எண் திரையின் மூலையில் ஓடும். அதைப் பார்த்தால் போதும்.

கார் ரேஸைப் போட்டோம். ஒரே கார்டில் கார் பறந்தது. நாலு பேரும் ஓவென்று கத்தினார்கள். ரெண்டாவதையும் சேர்த்தோம். கார் பறந்தது. எண் லேசாக அசைந்துவிட்டு, பழைய இடத்திலேயே நின்றது. ரஹ்மத் கேபினெட்டைத் தட்டிப் பார்த்தாள். நான் செட்டிங்கைப் புரட்டிப் பார்த்தேன். சுட்டுச் சண்டை விளையாட்டைப் போட்டால் இன்னும் மோசம். ரெண்டு கார்டில் படம் திக்கித் திக்கி வந்தது. அந்த விளையாட்டுக்கு ரெண்டு கார்டை வைத்து வேலை வாங்கவே தெரியவில்லை.

காரணம் எங்களுக்கு மெல்லத்தான் உறைத்தது. எங்கள் மானிட்டர் சின்னது. அதில் நிரப்ப வேண்டிய படமும் சின்னது. ஒரு கார்டே அதை முடித்துவிட்டு ஓய்வெடுக்கிறது. இதை நான் விளக்கிச் சொன்னதும், நாலு பேரில் அதிகம் பேசாத சங்கிலி வாயைத் திறந்தான்.

“அப்பம் ஒருத்தன் வேலை பாக்கான், இன்னொருத்தன் பக்கத்துல நின்னே கூலி வாங்குதான்.”

அச்சகத்து மாமா

பெரிய திரை இருந்தால்? எங்களுக்கு அந்தக் கேள்வி தாங்கவில்லை. ரஹ்மத்தின் மாமா காலண்டர் அச்சகம் வைத்திருந்தார். சாமி படங்களின் கலர் பார்க்க அவரிடம் ஊரிலேயே பெரிய தட்டை மானிட்டர் ஒன்று உண்டு. அவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன நேரம், அவருடைய ஆட்களிடம் சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்குவது மாதிரி அதைத் தூக்கி வந்தோம்.

ஒரு கார்டில் கார் மூச்சு வாங்கியது. ரெண்டாவதைச் சேர்த்தோம். ஐயோ, அதைச் சொல்ல எனக்கு இப்போதும் வார்த்தை வரவில்லை! எண் எகிறியது. மழையில் நனைந்த ரோட்டில் விளக்கு வெளிச்சம் ஓட, ஒவ்வொரு துளியும் கண்ணாடியில் விழுந்து வழிந்தது. ரஹ்மத் என் கையைக் கிள்ளிவிட்டாள். பால்பாண்டி மேஜையில் தாளம் போட்டான்.

அந்த நேரம் பார்த்து, “எங்க என் மானிட்டரு?” என்று மாமா படியேறி வந்தார். திட்டு விழப் போகிறது என்று நாங்கள் ஒதுங்கி நின்றோம். அவர் திட்டவில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, திரையில் தெரிந்த வானத்தின் மேல் விரலை வைத்தார்.

“ஏ புள்ள ரஹ்மத்து, இந்த நீலத்த எங்க மெஷின்ல ஒருநாளும் புடிக்க முடியலியே!”

நாலு பேர் பேச்சு

ஆக, ரெண்டு கார்டு வீண் என்றும் சொல்ல முடியாது, வேண்டும் என்றும் சொல்ல முடியாது. பெரிய திரை வாங்கி, தோதான விளையாட்டாகப் பார்த்துப் போட்டால் அமர்க்களம். ஆனால் அதையெல்லாம் வாங்கினால் போனஸ் மொத்தமும் ஒரே பெட்டிக்குள் போய்விடும். மின்விசிறிகூட இல்லாத ரூமில் அந்தப் பெட்டி மட்டும் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். இதை நான் ஒளிக்காமல் சொன்னேன்.

பால்பாண்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. ரெண்டு கார்டு என்று ஊர் பூராவும் சொல்லிவைத்திருந்தான். “இந்த ஜில்லாவுலயே இல்லாத மிஷினுன்னு சொல்லிட்டேன். இப்பம் ஒண்ணோட போனா சிரிப்பானுக” என்றான். சங்கிலிதான் எழுந்தான். அவன் விரல் இடுக்கில், பட்டாசுக்குப் போடும் அலுமினியப் பவுடரின் வெள்ளி நிறம் இன்னும் போகவில்லை. “ஒருத்தன் வெளையாட, மூணு பேரு பொறத்தால நின்னு வேடிக்கை பாக்கவால வருசம் பூரா வெடிமருந்துல நின்னோம்?” என்று கேட்டான்.

எனக்கும் ரஹ்மத்துக்கும் அப்போதுதான் பொறி தட்டியது. ஒரு பெட்டியில் ரெண்டு கார்டு போடுவதற்குப் பதில், ரெண்டு பெட்டி, ஆளுக்கு ஒரு கார்டு, சின்ன மானிட்டர், நடுவில் ஒரு ஒயர்! அந்த மதர்போர்டையும் பெரிய பவர் சப்ளையையும் டீலரிடம் கொடுத்து மாற்றினால் செலவு ஏறக்குறைய சரிக்கட்டும். எதிரெதிரே உட்கார்ந்து ஒருத்தரோடு ஒருத்தர் மோதலாம். நாங்கள் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசியதில் அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. காகிதத்தில் வரைந்து காட்டினோம். பால்பாண்டி வரைந்திருந்த பெட்டிகளை விரல் வைத்து எண்ணினான். பிறகு மெல்லச் சிரித்தான்.

“ரெண்டு கார்டுன்னுதானக்கா சொன்னேன்? ஒரே பொட்டிக்குள்ளன்னு எவன்ட்டயும் சொல்லலியே!”

திறப்பு விழா

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேம்ஸ் சென்டரைத் திறந்தார்கள். மின்விசிறியும் மாட்டிவிட்டார்கள். ரெண்டு மிஷினையும் ஒயரால் இணைத்துவிட்டு நான் நிமிர்ந்தால், வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம். நாரணாபுரத்திலிருந்துகூட சைக்கிளில் வந்திருந்தார்கள். லீவு நாள், போக இடமில்லை, கையில் கொஞ்சம் போனஸ் மிச்சம். பால்பாண்டி ஒரு மிஷினில், சங்கிலி எதிரில். கார் ரேஸ். ஒருத்தனுடைய கார் இன்னொருத்தன் திரையில் வந்து நின்றதைப் பார்த்ததும் கூட்டம் போட்ட சத்தத்தில் எனக்குப் புல்லரித்தது.

பால்பாண்டியின் அம்மாவும் வந்திருந்தார். போனஸை இப்படிக் கரியாக்குகிறான் என்று ஒரு வாரமாக அவனோடு பேசாமல் இருந்தவர். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கடைசி வரிசையில் உம்மென்று நின்றார். ரெண்டாவது சுற்றில் நடுவரிசைக்கு வந்தார். கடைசிச் சுற்றில் பால்பாண்டியின் கார் முன்னால் போக, சங்கிலியின் கார் ஒட்டிக்கொண்டே போக, அம்மா சங்கிலியின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏலே சங்கிலி, விட்றாதலே, அமுக்கு! எம்மவன் வளைவுல தூங்கிருவான்!”

மூணு கார்டு

அந்த அம்மா சொன்னபடியே சங்கிலிதான் ஜெயித்தான். கம்பெனி திறந்ததும் ரெண்டு பேர் வேலைக்குத் திரும்பினார்கள். பால்பாண்டியும் சங்கிலியும் திரும்பவில்லை. சிவகாசி அம்மன் கோவில் சித்திரைப் பொங்கலுக்குள் மூன்றாவது மிஷினுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அதைக் கொண்டுபோய் வைத்த அன்று, நானும் ரஹ்மத்தும் ஒரு ரேஸ் ஓட்டிவிட்டுத்தான் வந்தோம். ரெண்டு பேருமே சுவரில் முட்டிக்கொண்டது வேறு கதை.

விஷயம் வெம்பக்கோட்டை வரைக்கும் போயிருந்தது. அங்கிருந்து ஒரு மாவு மில்காரர் வந்தார். வேட்டியை இறக்கிவிட்டு உட்கார்ந்து, பில் போட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றார். கணக்குப் பார்க்க கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை என்று ரஹ்மத் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். முழுசாகக் கேட்டார். தலையாட்டினார். குரலைத் தாழ்த்தினார்.

“அதெல்லாம் சரி தாயி, விஸ்வநத்தத்துக்காரனுக்கு ரெண்டு போட்டீகளாமே, எனக்கு மூணாப் போட்ருங்க.”

எத்தனை கார்டு வேண்டும் என்று கேட்டு வருகிறவரிடம் எத்தனை பேர் விளையாடப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால், அன்றைய வியாபாரத்தில் பாதி போய்விடும், மிச்சப் பாதி சொந்தக்காரர் மாதிரி வருஷா வருஷம் வந்துகொண்டே இருக்கும்.