ஏழு கிலோமீட்டரும் ஒரு டைம் கீப்பரும்

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன மறுநாளே என் வீட்டுக்காரர் புதுச் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்திவிட்டார். கூடவே என் போனில் ஒரு ஆப்பையும் ஏற்றிவிட்டார். அதன் தொல்லை தாங்க முடியவில்லை. காரைக்குடி கல்லூரிச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் போய், மூச்சு வாங்கக் கீழே இறங்கினால் "அபாரம்! இன்று நீங்கள் சாதித்துவிட்டீர்கள்" என்கிறது. நான் என்ன சாதித்தேன்? டீக்கடை வரை போனேன், திரும்பினேன். நேற்றுப் பாதி வழியில் இறங்கி உருட்டிக்கொண்டே வந்தேன். அதற்கும் ஒரு கோப்பைப் படத்தைப் போட்டுக் கைதட்டியது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் இப்படிக் கைதட்டினால் மனுஷிக்கு எங்கிருந்து ரோஷம் வரும், நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் அந்தப் புது டயரின் ரப்பர் வாசனை எனக்குப் பிடித்திருந்தது. இருபத்து மூன்று வயதில் நான் பார்த்த முதல் வேலைக்கும் அதே வாசனைதான், கூடவே சாக்கும் அரக்கும் கலந்திருக்கும். தபால் பை கொண்டுபோகிற வேலை. காலை எட்டு மணிக்குச் சாக்கோட்டையில் அரக்கு முத்திரை வைத்த பையை வாங்கிக் கேரியரில் கட்டி, ஏழு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஒரு கிராமத்துக்கு ஒன்பதுக்குள் சைக்கிளில் கொண்டு சேர்க்க வேண்டும். பிறகு வீடு வீடாகத் தபால் கொடுக்க வேண்டும். பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்து எடுத்தார்கள். விண்ணப்பத்தில் சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று ஒரு கேள்வி இருந்தது. தெரியும் என்று போட்டுவிட்டேன்.

தெரியாது. ஆனால் அதற்கு என்னிடம் ஒரு நியாயம் இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் எல்லாருக்கும் கொடுத்த சைக்கிள் எனக்கும் வந்தது. வந்த அன்றைக்கே சித்தப்பா, "பால் ஊத்த ரெண்டு நாளைக்கு மட்டும் குடு" என்று எடுத்துக்கொண்டு போனார். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. எங்கள் குடும்பத்துக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்றுதான் நான் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொய் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். அப்பா இல்லாத வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிய வேண்டியிருந்தது.

வேலையில் சேரப் பதினோரு நாள் இருந்தது. புது டயர் போட்ட ஒரு பழைய சைக்கிளைக் கடனுக்கு வாங்கி, விடிகாலையில் கண்மாய்க் கரையில் பழகினேன். அம்மா துணைக்கு வருவாள், ஆனால் சைக்கிளைப் பிடிக்க மாட்டாள். "ஏய், அங்குட்டு ஆள் வருது, எறங்கு எறங்கு" என்று காவல் மட்டும் காப்பாள். நான் விழுவது அவளுக்குப் பெரிதில்லை, விழுந்ததை எவர் பார்த்தார் என்பதுதான் பெரிது. பதினோராம் நாள் நேராகப் போக வந்துவிட்டது. இறங்க மட்டும் வரவில்லை. இறங்க வேண்டுமென்றால் காலை ஊன்ற எங்காவது ஒரு படியோ மைல் கல்லோ இருக்க வேண்டும்.

முதல் நாள் ஏழில் ஐந்து கிலோமீட்டரை உருட்டிக்கொண்டேதான் போனேன். நடந்து போயிருந்தால்கூட அவ்வளவு நேரம் ஆகியிருக்காது. கிளை அஞ்சலகம் என்பது ராஜாத்தி அக்கா வீட்டு முன்னறை, அவள்தான் போஸ்ட் மாஸ்டர். எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைக் கைலி, மணிக்கட்டில் பூரி அளவுக்கு ஒரு வாட்ச். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாட்சைப் பார்த்தார்.

"ஒம்போது நாப்பது" என்றார்.

அவ்வளவுதான். யாரும்மா நீ, தண்ணி குடிக்கிறியா, ஒன்றும் கிடையாது.

அவர்தான் ஜமால் பாய். வளைகுடாவில் ஒரு கட்டடக் கம்பெனியில் இருபது வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். ஆயிரம் பேர் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று பார்ப்பதுதான் அவர் வேலை. கம்பெனி மூடிவிட்டது, ஊருக்கு வந்துவிட்டார். அந்த ஊரில் ஆடு மாடு முதல் மழை வரை எதற்கும் நேரம் கிடையாது. நேரத்துக்கு வர வேண்டியவள் நான் ஒருத்திதான். வசமாகச் சிக்கினேன்.

தினமும் இதே கதை. நான் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றதும் அவர் மணியைச் சொல்வார். திட்ட மாட்டார், சிரிக்க மாட்டார். திட்டினாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம். ஒருநாள், "பஞ்சர் பாய், அதான்" என்றேன்.

"காரணமெல்லாம் போர்மேன்ட்ட சொல்லணும் தங்கச்சி. நமக்கு டைம் மட்டுந்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மறுநாள் அந்த முகத்தில் விழிக்கும்போது இரண்டு நிமிஷமாவது குறைந்திருக்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொள்ளும். முதல் வாரம், சாக்கோட்டையிலிருந்து முதல் பாலம் வரை இறங்காமல் போனால் போதும் என்று வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் அய்யனார் கோயில் வரை. அதற்கடுத்த வாரம் கண்மாய் மடை வரை. தொடை இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரியும். வீட்டில் உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. ஆறு இட்லி தின்றுவிட்டு ஏறினால் வயிறு குலுங்கியது. ஒன்றும் தின்னாமல் ஏறினால் அய்யனார் கோயிலுக்கு முன்னாலேயே கண் இருட்டியது. இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் என்று பிடிபட ஒரு மாசம் ஆனது.

வழியெல்லாம் யோசனை சொல்கிறவர்கள் வேறு. ஆடு மேய்க்கிறவர் சீட்டை இறக்கு என்பார். பஞ்சர் கடைக்காரர் ஏற்று என்பார். களை எடுக்கிற பெண்கள், "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இந்தப் பாடு" என்று வயலிலிருந்தே குரல் கொடுப்பார்கள். ஆடிக் காற்று மட்டும் யோசனை எதுவும் சொல்லாமல் நேராக நெஞ்சில் கையை வைத்துத் தள்ளியது.

ஒன்பது நாற்பது ஒன்பது இருபதாகி, ஒன்பது பத்தாகி, ஒன்பது ஐந்தில் வந்து நின்றுவிட்டது. மூன்று வாரம் அதே ஒன்பது ஐந்து. என்ன மிதித்தாலும் அசையவில்லை. அதுவரை தினம் ஏதோ கொஞ்சம் குறைந்துகொண்டிருந்ததால் வலி தெரியவில்லை, இப்போது எல்லா வலியும் சேர்ந்து தெரிந்தது. போதுமடா சாமி என்று ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டு அடுப்புகூட அன்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

அன்றைக்கென்று பார்த்து ஒரு வைக்கோல் லாரி பக்கத்தில் வந்து நின்றது. "ஏறிக்க தாயி, அங்குட்டுத்தான் போறேன்" என்றார் டிரைவர். சைக்கிளை வைக்கோலுக்கு மேலே போட்டுவிட்டு முன்னால் ஏறிக்கொண்டேன். காற்று முகத்தில் பட்டது, கால் சும்மா கிடந்தது, ஆகா என்று இருந்தது. வேப்பமரத்தடியில் இறங்கும்போது எட்டு இருபத்தைந்து. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றேன்.

"பாய், டைம் சொல்லுங்க."

அவர் லாரியைப் பார்த்தார். சைக்கிளில் ஒட்டியிருந்த வைக்கோலைப் பார்த்தார்.

"அது லாரி டைமு. ஒன்னோட டைமு எங்க?"

"தபால் வந்துருச்சுல்ல? அது போதாதா?"

"தபாலுக்குப் போதும்" என்று சொல்லி நாற்காலியை அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நாற்காலியைத் தூக்கிக் கண்மாயில் போட்டிருப்பேன். ராஜினாமாவை அன்று கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் லாரியில் வந்ததுதான் என் கடைசி நாள் என்று ஆகியிருக்கும். அந்த ஆள் காலமெல்லாம் அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு அது ஆகாது.

அடுத்த வாரம் தபால் இன்ஸ்பெக்டர் வந்தார். "சைக்கிள் நல்லா ஓட்டுவியாம்மா? ஒரு சுத்து சுத்தி வா" என்றார். உயிர் கையில் இல்லை. தெருக்கோடி வரை போய்த் திரும்பி, ராஜாத்தி அக்கா வீட்டுப் படியில் காலை ஊன்றி இறங்கினேன். தலையாட்டினார். பொய் பிழைத்தது, நானும் பிழைத்தேன் என்று மூச்சு விடுவதற்குள் அவர் எதிர்வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"என்ன பாய், தபால் நேரத்துக்கு வருதா?"

நான் கண்ணாலேயே கும்பிட்டேன். ஜமால் பாய் என்னைப் பார்த்தபடியே சொன்னார்: "மொத நாள் ஒம்போது நாப்பது. இன்னைக்கு ஒம்போது அஞ்சு."

"ஒம்போதுக்குள்ள வரணும்ல?"

"ஆமா சார். லேட்டுதான்."

இன்ஸ்பெக்டர் ஒரு மாசம் கெடு வைத்தார். அதற்குள் ஒன்பதுக்கு முன்னால் வரவில்லையென்றால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். நான் நேராகப் பாயிடம் போனேன். "ஏன் பாய், எனக்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னா நீங்க என்ன கொறஞ்சா போவீக?"

"கூட்டிச் சொல்றதுக்கு நான் எதுக்கு? அதுக்குத்தான் ஊரே கெடக்குதே" என்றார்.

அந்த மாசம் நான் மிதித்ததுபோல என் வாழ்க்கையில் எதையும் மிதித்ததில்லை. பஞ்சர் கடைக்காரர் சொன்னபடி சீட்டை ஏற்றினேன், முழங்கால் வலி பாதியாகக் குறைந்தது. எடுத்த எடுப்பில் பாய்ந்து பாதியில் துவள்வதை விட்டுவிட்டு, பாலம் வரை நிதானமாகவும் அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் போனேன். எங்கே வேண்டுமானாலும் ஒரு காலைத் தூக்கிப் போட்டு இறங்கவும் வந்துவிட்டது. ஒன்பது நான்கு. ஒன்பது இரண்டு. ஒரு சனிக்கிழமை ஒன்பது ஒன்று. "ஒம்போது ஒண்ணு" என்று சொல்லும்போது அவர் வாட்சை இரண்டாம் தடவை பார்த்தார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருப்புக் கொள்ளவில்லை.

திங்கட்கிழமை வேப்பமரத்தடியில் கால் ஊன்றும்போது எட்டு ஐம்பத்தாறு.

நாற்காலி இல்லை. பாயின் வீட்டம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். "அவுக நேத்தே போய்ட்டாகம்மா. பழைய கம்பெனி மொதலாளி புதுசா ஒண்ணு தொடங்கிருக்காகளாம். திருச்சியில ப்ளைட்டு" என்றார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன். ராஜாத்தி அக்கா எட்டிப் பார்த்து, "வந்துட்டியா, பைய உள்ள வையி" என்றாள். வேலை நிலைத்தது, கெடு தீர்ந்தது, அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். எனக்கோ அழுகை அழுகையாக வந்தது. பாய் போனில் பேசினால் எட்டு ஐம்பத்தாறு என்று மட்டும் சொல்லுங்கள் என்று அவர் வீட்டம்மாவிடம் கேட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா பதில் கொண்டு வந்தார். "சொன்னேம்மா. 'நான் பாக்கலையே, பாக்காத டைம்ம எப்புடி ஒத்துக்கிறது? லீவுல வரும்போது பாத்துக்கிறேன்'னு சொல்லிட்டாக."

சரி வரட்டும் என்று இருந்தேன். எட்டு ஐம்பது, எட்டு நாற்பத்தைந்து, எட்டு நாற்பது வரை கொண்டுவந்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில் பை கொண்டுபோனபோது எதிர்வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. பாய்க்கு வளைகுடாவிலேயே மாரடைப்பு, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்றார்கள். பிறகு எனக்குக் கல்யாணமாகி வேலையை விட்டேன். இப்போது அந்தப் பை மோட்டார் சைக்கிளில் போகிறதாம். எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறது என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. வேப்பமரத்தை ரோட்டுக்காக வெட்டிவிட்டார்கள்.

எட்டு ஐம்பத்தாறு என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரர் உடனே நம்புகிறார். அவர் நம்பி எனக்கு என்ன ஆகப்போகிறது? ஆயிரம் பேர் எப்போது வந்தார்கள் என்று பார்த்த மனுஷன், தான் வருகிறேன் என்று சொன்ன ஒரு தடவை வரவில்லை. அதற்கு என்ன காரணம் சொன்னாலும் என் கோபம் போகமாட்டேன் என்கிறது.